ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் (பெப்ரவரி 1, 1895 – ஆகஸ்ட் 25, 1970) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், அரசியல்வாதியும், சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வரும் ஆவார். இவர் ஓமந்தூரார் என்று பரவலாக அறியப்படுகிறார். மார்ச் 23, 1947 முதல் ஏப்ரல் 6, 1949 வரை பதவி வகித்த இவரே, ஆகஸ்ட் 15, 1947 அன்று இந்தியா விடுதலை அடைந்தபோது சென்னை மாகாண அரசின் தலைவராக இருந்தவர். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், முழு மதுவிலக்கு, அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனி ஒதுக்கீடு ஆகியவை இவரது ஆட்சிக்காலத்தின் முக்கிய நடவடிக்கைகளாகும். வரி, நிலம், கோயில், கல்வி ஆகிய துறைகளில் அரசு எந்த எல்லை வரை தலையிடலாம் என்ற விவாதம் இவரது இரண்டாண்டு ஆட்சியில் தீவிரமாக எழுந்தது.

பிறப்பும் வட்டாரமும்

ராமசாமி ரெட்டியார் அன்றைய தென்னாற்காடு மாவட்டம், திண்டிவனம் வட்டத்தில் உள்ள ஓமந்தூர் என்னும் சிற்றூரில் வேளாண்மைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் தற்போது விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் ஓமந்தூரும், மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல்லும் உள்ளன. பெருமுக்கல், குன்றின் மீதுள்ள கோயிலுக்கும், 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த போர்களில் இடம்பெற்ற கோட்டைக்கும் பெயர் பெற்றது. அதற்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரையில் உப்பளங்கள் உள்ளன.

உள்நாட்டில் ஏரிப் பாசனமும் மானாவாரிப் பயிரும், கடற்கரையில் உப்பு உற்பத்தியும் இவ்வட்டார மக்களின் வாழ்வாதாரங்களாக இருந்தன. பயிருக்கு நிலவரியும், உப்புக்கு உப்பு வரியும் செலுத்தப்பட்டன. வரி என்பது இங்கு அன்றாட வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருந்தது.

இவர் திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்றார். பின்னர் வேளாண்மையில் ஈடுபட்டார். எளிய கதர் உடை, சைவ உணவு, தனிப்பட்ட ஒழுக்கம் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். வடலூர் இராமலிங்க அடிகளின் சன்மார்க்க நெறியிலும், திருவண்ணாமலை ரமண மகரிஷியிடத்தும் மிகுந்த பற்றுக் கொண்டிருந்தார்.

விடுதலைப் போராட்டத்தில்

மகாத்மா காந்தியின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டு இந்திய தேசிய காங்கிரஸில் இணைந்த ராமசாமி ரெட்டியார், தென்னாற்காடு மாவட்டத்தில் கட்சியை வளர்த்தவர்களில் ஒருவர். விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். மேடைப் பேச்சாளர் என்பதை விடக் கட்சிப் பணியாளர் என்ற நிலையிலேயே இவர் அறியப்பட்டார். பதவியை நாடிச் செல்லாதவர் என்ற பெயரும் இவருக்கு இருந்தது.

முதல்வர் பொறுப்பு

1946 ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றதைத் தொடர்ந்து த. பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். இப்பதவி அக்காலத்தில் பிரீமியர் என்று அழைக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டுடன் கடற்கரை ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் ஆகிய பகுதிகளையும் உள்ளடக்கியிருந்தது. சட்டமன்றக் கட்சியிலும் மொழிவாரியாகவும் தலைவர்கள் வாரியாகவும் குழுக்கள் இருந்தன. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கும் பிரகாசத்திற்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடுகளால் 1947 மார்ச்சில் பிரகாசம் பதவி விலக நேர்ந்தது. காமராஜரின் ஆதரவுடன் ராமசாமி ரெட்டியார் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மார்ச் 23 அன்று பதவியேற்றார். இவரது அமைச்சரவையில் காளா வெங்கடராவ் வருவாய்த் துறையையும், தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வித் துறையையும் வகித்தனர்.

உப்பு வரி, மதுவிலக்கு, விற்பனை வரி

இவர் பதவியேற்று ஒன்பது நாட்களில், ஏப்ரல் 1, 1947 அன்று உப்பு வரி நீக்கம் நடைமுறைக்கு வந்தது. உப்பு வரி மத்திய அரசைச் சார்ந்தது என்பதால் இது டெல்லியில் அமைந்த இடைக்கால அரசின் முடிவாகும்; சென்னை மாகாண அரசின் முடிவு அன்று. எனினும், 1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின் கோரிக்கை 17 ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியதால், மரக்காணம் போன்ற உப்பள ஊர்களுக்கு இது ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

மாகாண அரசு எதிர்கொண்ட பெரிய வரிச் சிக்கல் மதுவைப் பற்றியது. கள், சாராயம் ஆகியவற்றின் மீதான கலால் வரி, நிலவரிக்கு இணையாகக் கருதத்தக்க வருவாயாக இருந்தது. ராஜாஜி தலைமையிலான முதல் காங்கிரஸ் அமைச்சரவை, அக்டோபர் 1, 1937 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தது. இவ்வகை வரியை இந்தியாவில் முதலில் விதித்த மாகாணம் சென்னையே. உலகப் போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946 அக்டோபரில் பிரகாசம் அரசு அதனை எட்டு மாவட்டங்களில் மீண்டும் தொடங்கியது.

ராமசாமி ரெட்டியாரின் அரசு மதுவிலக்கைப் படிப்படியாக விரிவாக்கி, காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2, 1948 அன்று மாகாணம் முழுவதற்கும் நடைமுறைப்படுத்தியது. இதனால் கலால் வருவாய் பெரும்பாலும் இல்லாமற் போனது. மதுவிலக்கின் ஆதரவாளர்கள், மதுவுக்குச் செலவான பணம் ஏழைக் குடும்பங்களின் உணவுக்கும் உடைக்கும் பயன்படும் என்றும், ஏழைகளின் குடிப்பழக்கத்தில் இருந்து பள்ளிகளுக்குப் பணம் திரட்டுவது முறையன்று என்றும் வாதிட்டனர். எதிர்த்தவர்கள், வருவாய் குறைந்தால் கல்வியும் மருத்துவமும் பாதிக்கப்படும் என்றும், கள்ளச் சாராயம் பெருகும் என்றும், விற்பனை வரி குடிக்காத ஏழையின் மீதும் விழும் என்றும் சுட்டிக் காட்டினர். கள் இறக்கும் தொழிலாளர்களின் வேலையிழப்பும் ஒரு சிக்கலாக இருந்தது. பனை மரங்கள் நிறைந்த தென்னாற்காட்டுக் கடற்கரையும் இதற்கு விலக்கன்று. பதநீர் இறக்குதல், பனைவெல்லம் காய்ச்சுதல் ஆகியவை மாற்றுத் தொழில்களாக ஊக்குவிக்கப்பட்டன.

மாநிலத்தின் முக்கிய வருவாய் கலால் வரியில் இருந்து விற்பனை வரிக்கு மாறியது இக்காலத்தின் நிலையான விளைவாகும்.

ஜமீன்தாரி ஒழிப்பு

1802 ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டப்படி, மாகாணத்தின் பல பகுதிகளில் ஜமீன்தார்கள் அரசுக்கு மாறாத தொகை ஒன்றைப் பேஷ்குஷ் என்ற பெயரில் செலுத்தி, உழவர்களிடம் தாங்கள் குத்தகை வசூலித்து வந்தனர். ராமநாதபுரம், சிவகங்கை, விஜயநகரம், வெங்கடகிரி, பித்தாபுரம் முதலியவை இத்தகைய பெரிய ஜமீன்களாகும். ஏனைய பகுதிகளில் உழவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறை நிலவியது. ஜமீன் பகுதிகளில் குத்தகை, அருகில் உள்ள ரயத்துவாரி நிலங்களின் வரியை விடப் பெரும்பாலும் மிக அதிகமாக இருந்தது. ஏரி, கால்வாய்ப் பராமரிப்புப் புறக்கணிக்கப்பட்டதும் உழவர்களின் முக்கியக் குறையாகும்.

இது குறித்து ஆராய ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் பிரகாசம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆனால் 1939 இல் அமைச்சரவை பதவி விலகியதால் அப்பணி நின்றது. ராமசாமி ரெட்டியாரின் அரசு இதனை இரண்டு கட்டங்களாக மேற்கொண்டது. முதலில் 1947 ஆம் ஆண்டின் குத்தகைக் குறைப்புச் சட்டத்தின் மூலம் ஜமீன் பகுதிக் குத்தகைகள், அருகில் உள்ள ரயத்துவாரி நிலவரியின் அளவுக்குக் குறைக்கப்பட்டன. பின்னர் 1948 இல் ஜமீன்களை ஒழித்து அவற்றை ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் (1948 ஆம் ஆண்டின் 26 ஆம் சட்டம்) சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

இச்சட்டத்தின் மீதான விவாதம் பெரும்பாலும் இழப்பீடு பற்றியதாகவே இருந்தது. அந்நியர் ஆட்சி வழங்கிய வரி வசூல் உரிமைக்கு மக்கள் பணத்தில் இழப்பீடு எதற்கு என்று இடதுசாரிகள் கேட்டனர். தலைமுறைகளாக அனுபவித்த சொத்துரிமையை அரசு பறிப்பது அநீதி என்று ஜமீன்தார்கள் வாதிட்டனர். அரசு இடைப்பட்ட வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு ஜமீனுக்கும் அடிப்படை ஆண்டுத் தொகை ஒன்று கணக்கிடப்பட்டு அதன் மடங்குகளில் இழப்பீடு வழங்கப்பட்டது. சிறிய ஜமீன்களுக்கு மடங்கு அதிகமாகவும், பெரியவற்றுக்குக் குறைவாகவும் வைக்கப்பட்டது.

இச்சட்டம் உழவருக்கும் அரசுக்கும் இடையே இருந்த இடைத்தரகரை நீக்கியது. ஆயினும் ஜமீன்தார்களின் சொந்தப் பண்ணை நிலங்கள் அவர்களிடமே இருந்தன. ரயத்துகளின் கீழ் வாரத்திற்கு உழுதவர்களுக்கும், நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் இச்சட்டத்தால் நிலம் கிடைக்கவில்லை. நில உச்சவரம்பு 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வந்தது.

கோயில்களும் சமூகச் சட்டங்களும்

தாழ்த்தப்பட்டோர் கோயில்களில் நுழைவதற்கான உரிமை, 1939 ஆம் ஆண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நுழைவுக்குப் பின் பகுதியளவில் சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்தது. 1947 ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டம் அதனை மாகாணம் முழுவதற்கும் உரிய பொது உரிமையாக்கியது. அதே ஆண்டில், பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடை செய்யும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சியின் நிறைவு இதுவாகும்.

கோயில்கள், மடங்கள் ஆகியவற்றின் சொத்துகளை அரசுத் துறை ஒன்றின் மேற்பார்வையில் கொண்டு வரும் முயற்சியே கட்சிக்குள் மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்தது. ஆழ்ந்த இறைப்பற்றுக் கொண்டிருந்த ராமசாமி ரெட்டியாரைச் சிலர் தாடியில்லாத ராமசாமி என்று, பெரியார் ஈ. வெ. ராமசாமியோடு ஒப்பிட்டுக் கேலி செய்ததாகக் கூறப்படுகிறது. கோயில் வருவாய் கோயிலுக்கும் பொதுநலனுக்கும் பயன்பட வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. இம்முயற்சி இவர் பதவி விலகிய பின், 1951 ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமாக நிறைவேறியது. அச்சட்டப்படி சமய நிறுவனங்களிடம் இருந்து பெறப்பட்ட தொகை, சேவைக்கான கட்டணம் அன்று, அது ஒரு வரியே என்று 1954 ஆம் ஆண்டின் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிக்கும் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கு இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

கல்வியும் இட ஒதுக்கீடும்

கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வலுப்பெற்றது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பணியும் இக்காலத்தில் தொடங்கியது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட அக்கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பாரதியாரின் படைப்புகளின் பதிப்புரிமையை அரசு 1949 இல் பெற்றுக்கொண்டது. இதன் தொடர்ச்சியாக அவை பின்னர் பொதுமக்களுக்கு உரிமையாக்கப்பட்டன.

அரசுப் பணிகளில் நியமனம் பெற 1920கள் முதல் நடைமுறையில் இருந்த வகுப்புவாரி ஆணை, 1947 நவம்பரில் திருத்தி அமைக்கப்பட்டது. புதிய ஆணைப்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என ஒதுக்கப்பட்டது. பிராமணரல்லாதார் என்ற பெரும் பிரிவுக்குள் கல்வியில் பின்தங்கியிருந்த சாதியினருக்குத் தனிப் பங்கு கிடைத்தது இதுவே முதல் முறையாகும்.

அரசின் அதிகாரம் குறித்த விமர்சனங்கள்

இவரது ஆட்சி கடுமையான விமர்சனங்களுக்கும் உள்ளானது. 1948 இல் பள்ளிகளில் இந்தி கற்பித்தல் விரிவாக்கப்பட்டதை எதிர்த்துப் பெரியாரும் அண்ணாதுரையும் தலைமையேற்ற திராவிடர் கழகம் போராட்டம் நடத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டது. 1948 முதல் பொதுவுடைமைக் கட்சியினர் பலர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். இவர் பதவியேற்பதற்கு முன்பே கொண்டு வரப்பட்டிருந்த பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பயன்படுத்தப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் விசாரணையின்றிச் சிறைப்படுத்துவதை எதிர்த்த கட்சியே, ஆட்சிக்கு வந்ததும் அதே அதிகாரத்தைக் கையாண்டது என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. தெலங்கானாவில் நிகழ்ந்த ஆயுதப் போராட்டமும், தேசப் பிரிவினைக் காலத்துப் பதற்றமும் அரசின் தரப்பில் காரணங்களாகக் கூறப்பட்டன.

பதவி விலகல்

ராமசாமி ரெட்டியார் நிர்வாகத்தில் கட்சியினரின் தலையீட்டை அனுமதிக்கவில்லை. போருக்குப் பிந்தைய அக்காலத்தில் உணவு, துணி முதலியவற்றின் விநியோகம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. எனவே உரிமங்கள், நியமனங்கள், இடமாற்றங்கள் ஆகியவற்றுக்குப் பரிந்துரை கோருவோர் பலர் இருந்தனர். இவற்றை இவர் ஏற்க மறுத்தது, சட்டமன்ற உறுப்பினர் பலரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. இவரைத் தேர்ந்தெடுக்க உதவிய காமராஜரின் ஆதரவையும் இவர் இழந்தார். 1949 மார்ச் இறுதியில் சட்டமன்றக் கட்சி பூ. ச. குமாரசுவாமி ராஜாவைப் புதிய தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஏப்ரல் 6 அன்று ராமசாமி ரெட்டியார் பொறுப்பில் இருந்து விலகினார்.

ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்திற்குத் தலைமை ஆளுநரின் ஒப்புதல் கிடைத்ததும் அதே ஏப்ரல் மாதத்தில் என்பது குறிப்பிடத்தக்கது. அப்போது தலைமை ஆளுநராக இருந்தவர் ராஜாஜி. ஜமீன்களை அரசு கையகப்படுத்தும் பணி குமாரசுவாமி ராஜாவின் ஆட்சியிலேயே நடைபெற்றது.

அரசியலமைப்பின் முதல் திருத்தம்

இக்காலத்தில் சென்னை மாகாணத்தில் எழுந்த சிக்கல்கள் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தோடு (1951) நெருங்கிய தொடர்புடையவை. வகுப்புவாரி ஆணையின்படி கல்லூரி இடங்களை ஒதுக்கியது செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 1951 இல் தீர்ப்பளித்தது. இதன் விளைவாகப் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அனுமதிக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் சென்னைப் பொது அமைதிச் சட்டப்படி ஓர் இதழ் மாகாணத்திற்குள் வரத் தடை விதிக்கப்பட்டதை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950 இல் நீக்கியது. பேச்சுரிமைக்கான வரம்புகள் திருத்தப்பட இதுவும் ஒரு காரணமாயிற்று. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்ற வழக்குகளில் இருந்து காக்க ஒன்பதாவது அட்டவணை உருவாக்கப்பட்டபோது, அதன் முதல் 13 சட்டங்களில் சென்னை ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் இடம்பெற்றது.

இவ்வாறு சமத்துவம், சொத்து, பேச்சு ஆகிய மூன்று உரிமைகளிலும் அரசின் அதிகார எல்லை குறித்த தேசிய அளவிலான விவாதத்தில் சென்னை மாகாணத்தின் அனுபவம் இடம்பெற்றது. முதல் இரண்டில் அரசின் அதிகாரம் விரிந்தது நலிந்தோருக்குத் துணையாக அமைந்தது. மூன்றாவதில் அது ஆட்சியை விமர்சிப்போருக்கு எதிராக அமைந்தது.

வடலூர் வாழ்க்கை

பதவி விலகிய பின் ராமசாமி ரெட்டியார் படிப்படியாக அரசியலில் இருந்து ஒதுங்கினார். இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையையும் சத்திய ஞான சபையையும் நிறுவிய வடலூரில் குடியேறி, சுத்த சன்மார்க்க நிலையத்தின் மூலம் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தையும் குருகுலப் பள்ளியையும் நடத்தி வந்தார். பசிப்பிணி போக்குதல், சாதி வேறுபாடு பாராமை ஆகிய வள்ளலாரின் கொள்கைகள் இப்பணிகளுக்கு அடிப்படையாக இருந்தன. அரசின் அதிகாரத்தைக் கொண்டு செய்ய முயன்றவற்றை, இறுதிக் காலத்தில் அதிகாரம் ஏதுமின்றிச் சிறிய அளவில் செய்தார் எனலாம். ஆகஸ்ட் 25, 1970 அன்று காலமானார்.

பிற்கால நிகழ்வுகளும் நினைவிடங்களும்

இவர் மறைந்த மறு ஆண்டே, ஆகஸ்ட் 1971 இல், நிதிநிலையைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1974 இல் மதுவிலக்கு மீண்டும் வந்து, 1981 இல் தளர்த்தப்பட்டது. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) உருவாக்கப்பட்டு, 2003 முதல் சில்லறை மது விற்பனையும் அதன் பொறுப்பில் வந்தது. 1948 இல் கைவிடப்பட்ட வருவாய், இவ்வாறு மீண்டும் மாநில நிதியின் முக்கியப் பகுதியாயிற்று. மது வருவாயைக் கொண்டு நலத்திட்டங்களை நடத்துவது சரியா என்ற கேள்வி, அன்று போலவே பின்னரும் தேர்தல்தோறும் எழுப்பப்பட்டு வருகிறது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டம் இவர் நினைவாக ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயர் பெற்றது. அங்கு கட்டப்பட்டு 2010 இல் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகம், 2014 இல் பல்நோக்கு உயர் சிறப்பு அரசு மருத்துவமனையாக மாற்றப்பட்டது. பின்னர் அவ்வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. இவர் பிறந்த ஓமந்தூரில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் ஒன்றை அமைத்துள்ளது.